ர்காட்சிதெலி மாமா

1

போன வாரம் இங்கே நியூஜெர்சியில் ரூட் ஒன் ரோட்டுப் பக்கம் இருக்கும் ஒயின் கடையில் நான் கையில் பாட்டிலோடு நின்றதை நம் ஆள் ஒருவர் பார்த்துவிட்டார். யாரென்று சொல்ல மாட்டேன். அவர் அங்கே என்ன வாங்க வந்தார் என்று நானும் கேட்கவில்லை. நான் பிளெய்ன்ஸ்பரோ வந்து அபார்ட்மென்ட் வாசலில் காரை நிறுத்துவதற்குள் வீட்டுக்குப் போன் வந்துவிட்டது. மறுநாள் கம்பத்திலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"ஏத்தா செல்வி, நீ குடிக்கிறியாமில்ல?"

நான் போடும் கடிதம் ஊர் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகிறது. இந்தச் சேதிக்கு மட்டும் ரெக்கை முளைத்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் போன் பில் கட்டி மாளாது. அதனால் எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதிவிடுகிறேன். நான் குடிப்பதில்லை. குடிக்காமலேயே ஜார்ஜியா நாட்டு வெள்ளைத் திராட்சைகளைப் பேர் பேராகத் தெரிந்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். பாட்டில் எங்கள் கீழ்வீட்டு வக்தாங்குக்கு. அவர் மகள் நீனோ அமெரிக்கா வந்து ஒரு வருஷம் ஆகிறது. அதற்காக வாங்கினேன்.

ஒரு வருஷம் ஆனதற்கு எதற்குப் பாட்டில் என்று கேட்பீர்கள். அந்தப் பெண் வந்த முதல் நாளே திரும்பிப் போகிறேன் என்று நின்றவள். அதற்குக் காரணம் நம் தமிழில் இருக்கும் ஒரு சொல்.

2

நாங்கள் இந்தக் குடியிருப்புக்கு வந்தது தொண்ணூற்று நாலில். என் வீட்டுக்காரர் முருகேசன் தினமும் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் பிடித்து நியூயார்க் போய் கம்ப்யூட்டர் தட்டுகிறவர். எனக்கு மருந்துக் கம்பெனி லேபில் வேலை. மகள் காவ்யா அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள்.

முருகேசன் எனக்குச் சொந்த அத்தை மகன். சின்ன வயசிலிருந்து மாமா என்று கூப்பிட்டவரைக் கல்யாணத்துக்கு அப்புறம் புதுசாக எப்படிக் கூப்பிடுவது? இங்கே வந்தும் மாமாதான். ஆபீஸ் பிக்னிக்கில் ஒரு அமெரிக்கப் பெண் என்னைத் தனியாக அழைத்துப் போய், "உன் கணவரை ஏன் அம்மா என்று கூப்பிடுகிறாய்?" என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டாள். இதெல்லாம் விளக்கினால் விடிந்துவிடும் என்று சிரித்து வைத்தேன்.

வக்தாங்கை முதலில் பார்த்தது ஒரு மார்ச் மாதம். கீழ்வீட்டு வாசலில் பாதியாக அறுத்த மரப்பீப்பாயில் மண் கொட்டி, செத்துப்போன குச்சி மாதிரி ஒன்றை நட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயசிருக்கும், அடர்ந்த மீசை. எந்த ஊர் என்றேன். ஜார்ஜியா என்றார்.

"அட்லாண்டாவா? என் நாத்தனார் அங்கதான் இருக்காங்க."

"எல்லாருக்கும் அங்கே ஒரு நாத்தனார் இருக்காங்க," என்றார் அவர், பெருமூச்சு விட்டு. "இது வேற ஜார்ஜியா. ரஷ்யாவுக்குத் தெற்கே. எனக்கு ஊர்லேர்ந்து வந்த பார்சல்கூட ஒருதடவை அட்லாண்டா பார்த்துட்டுதான் வந்தது."

எங்களுக்குள் பேச்செல்லாம் இங்கிலீஷில். அவருக்கும் இரவல் மொழி, எனக்கும் இரவல் மொழி. அதைத் தமிழில் தருகிறேன்.

அந்தக் குச்சியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, திராட்சைக் கொடி. கம்பத்தில் பிறந்தவளுக்கு இதுகூடத் தெரியாமல் போகுமா? எங்கள் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் பன்னீர் திராட்சைப் பந்தல்தான். சும்மா இருக்க முடியாமல், "கவாத்து பத்தாது. இன்னும் ரெண்டு கண்ணு விட்டு வெட்டணும்," என்றேன். கவாத்து என்றால் என்ன என்று கேட்டார். கத்தரிக்கோலை வாங்கி வெட்டிக் காட்டினேன். எங்கள் ஊரில் வருஷத்துக்கு இரண்டு தடவை கவாத்து, இரண்டு தடவை காய்ப்பு என்று சொன்னபோது அவர் நம்பவில்லை.

"அப்போ உங்க கொடி எப்போ தூங்கும்?"

"எங்க ஊர்ல கொடியும் தூங்காது, மனுசனும் தூங்க மாட்டான். வட்டி கட்டணும்ல."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் கொடியின் பெயரைச் சொன்னார்: ர்காட்சிதெலி. முதல் எழுத்திலேயே என் நாக்கு தடுக்கி விழுந்தது. தமிழில் ர-வில் சொல் தொடங்காது, முன்னால் ஒரு இ போட்டுக்கொள் என்று பள்ளிக்கூடத்துத் தமிழய்யா சொல்லியிருக்கிறார். நான் இ போட்டுக்கொண்டேன். இர்க்காட்சிதெலி. என் வாயில் அது தூத்துக்குடிப் பக்கத்து ஊர்ப்பெயர் போல ஆகிவிட்டது. காவ்யா பிற்பாடு அதையும் சுருக்கி ஆர்ச்சி ஆக்கினாள்.

ர்காட்சிதெலி என்றால் சிவப்புக் காம்பு என்று அர்த்தமாம். பழம் என்னவோ வெள்ளை. அதோடு சேர்த்து ஒயின் போடுகிற இன்னொரு வெள்ளைத் திராட்சை ம்த்ஸ்வானே. அதற்கு அர்த்தம் பச்சை. இரண்டையும் தோலோடு விதையோடு மாசக்கணக்கில் ஊறவைத்து எடுத்தால் வரும் ஒயின் பால் விடாத டீ நிறத்தில் இருக்கிறது. பெயர் பச்சை, காம்பு சிவப்பு, நிறம் டீ, இதற்குப் பெயர் வெள்ளை ஒயின். நம்மூர் கருப்புசாமி பூசாரி பெயர் வெள்ளைச்சாமி என்பது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

3

அந்த வருஷம் முழுக்க வக்தாங் என்னிடம் திராட்சையைப் பற்றித்தான் பேசினார். அவர் ஊரில் நூற்றுக்கணக்கில் வகை இருக்கிறதாம். வெள்ளையே எண்ணி மாளாது. அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஒவ்வொன்றும் சொந்தக்காரர் மாதிரி மனசில் பதிந்தது. ர்காட்சிதெலி வீட்டுக்கு மூத்த மருமகள். தோல் தடிப்பு, புளிப்பு ஜாஸ்தி, பனி வந்தாலும் தாங்கி நின்று குடும்பத்தை இழுக்கும். ம்த்ஸ்வானே நல்ல வாசனை, ஆனால் தனியாக விட்டால் கொஞ்சம் மெத்தனம். கீசி இரண்டுக்கும் நடுவில், பேரிக்காய் மணம். ஆனால் வளர்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். கிக்வி கோபக்காரி, பூக்கிற நேரத்தில் மழை பெய்தால் அந்த வருஷம் காய்க்காமல் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளும். இதில் இந்த நாட்டு நர்சரியில் கிடைத்தது மூத்த மருமகள் மட்டும்தான். மற்றதெல்லாம் பேச்சில்தான்.

நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, ஏரிக்கரையில், ஒரு தோட்டத்தில் ர்காட்சிதெலி பயிர் செய்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். ஒவ்வொரு அக்டோபரிலும் எங்கள் வேனில் போய்ப் பெட்டி பெட்டியாகப் பழம் வாங்கி வருவோம். முருகேசன் மாமா வழி நெடுக, "லீஸ்ல ஒயின் போடலாம்னு எழுதியிருக்கா, செல்வி?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டுவார். போடக் கூடாது என்றும் எழுதவில்லை என்பேன்.

அவர்கள் ஊரில் ஆள் உயரத்துக்கு மண்பானை செய்து, கழுத்து வரை பூமியில் புதைத்து, அதற்குள்தான் ஒயின் ஊறுமாம். வக்தாங் கையை விரித்துக் காட்டினார். எனக்குத் தெரிந்த சாமான்தான்.

"எங்க ஊர்லயும் உண்டு. தாழின்னு சொல்லுவோம்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதுல என்ன வைப்பீங்க?"

"செத்தவங்கள."

விரித்த கையை மெல்ல இறக்கிக்கொண்டார். அந்தக் காலத்தில் என்று நான் அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன். அபார்ட்மென்டில் எதையும் புதைக்க விட மாட்டார்கள் என்பதால் அவர் ஒயின் பிளாஸ்டிக் வாளியில்தான் ஊறியது. ஒருதடவை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன் (அம்மா, விரல் நுனிதான்). நாக்கு இழுத்துப் பிடித்தது. இதை எப்படிச் சொல்வது என்று அவர் இங்கிலீஷில் தேடினார். நான் யோசிக்கவே இல்லை. துவர்ப்பு என்றேன். ஆறு சுவையில் ஒன்றாக இதற்குத் தனி இடம் கொடுத்த பாஷை உங்களுடையது என்று அன்றைக்கு ரொம்ப நேரம் சந்தோஷப்பட்டார்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். என் வீட்டில் அங்கிள், ஆன்ட்டிக்கு இடமில்லை. டேகேரில் எப்படியும் கூப்பிடட்டும், என் வாசலுக்குள் முறை வைத்துத்தான் கூப்பிட வேண்டும். வக்தாங் எனக்குக் கூடப்பிறந்த மாதிரி, ஆகவே காவ்யாவுக்கு மாமா. அவள் முதன்முதல் மழலையில் மாமா என்று கூப்பிட்டபோது அவர் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வாளியைக் கீழே வைத்தார். இன்னொருதடவை சொல்லச் சொன்னார். பிள்ளை சொன்னாள். அவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். வெயில் என்று நினைத்தேன்.

காவ்யாவுக்குக் காது குத்த என் தம்பி வருவதாக இருந்தான். விசா கிடைக்கவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது? வக்தாங்கைக் கூப்பிட்டேன். மாலில் நகைக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து, கழுத்தில் மாலை போட்டுக்கொண்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். குத்தும்போது அவள் கத்தியதைவிட அவர் முகம் கோணியது அதிகம். அந்தப் போட்டோவை ஒரு காப்பி கேட்டு வாங்கி, ஊரிலிருந்த தன் மகளுக்கு அனுப்பினார்.

மகள் கதையை அப்போதுதான் சொன்னார். ஆறு மாத ஆராய்ச்சி வேலை என்று அமெரிக்கா வந்தாராம். வந்த கொஞ்ச நாளில் அங்கே ஊருக்குள்ளேயே சண்டை. திரும்பிப் போக வழியில்லை, சம்பளம் தர அங்கே ஆளில்லை. மனைவி காத்திருந்து பார்த்துவிட்டு வேறு கல்யாணம் செய்துகொண்டாள். அவர் விட்டு வரும்போது நீனோவுக்கு எட்டு வயசு. கரண்ட் இல்லாத, ஹீட்டர் இல்லாத குளிர்காலங்களில் அந்தப் பிள்ளை கோட்டைப் போட்டுக்கொண்டு தூங்கி வளர்ந்தது. இவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் போடுவார். அவள் வர மாட்டாள். வந்தாலும் ஆமாம், இல்லை என்பதோடு சரி.

"என்னை அவ எதுவுமே கூப்பிடறதில்ல, செல்வி. பேரும் இல்ல, உறவும் இல்ல. ஒரே ஒருதடவை அப்பான்னு கூப்பிட்டா போதும். அப்புறம் திட்டினாலும் பரவாயில்ல."

கிரீன் கார்டு வாங்கி, மகளுக்கு மனுப் போட்டு, கேட்ட பேப்பரெல்லாம் மூன்று பாஷையில் மொழிபெயர்த்து அனுப்பி, போன அக்டோபரில் ஒருவழியாக நீனோ வந்தாள்.

4

ஏர்போர்ட்டுக்கு எங்கள் வேனில்தான் போனோம். வக்தாங் புதுச் சட்டை போட்டிருந்தார். மீசையைக் கத்தரித்ததில் ஒரு பக்கம் கூடக் குறைந்திருந்தது. கையில் ஒரு கொத்து ர்காட்சிதெலி, பீப்பாய்க் கொடியில் அந்த வருஷம் காய்த்த ஒரே நல்ல கொத்து, அணில் கண்ணில் படாமல் துணி கட்டிக் காப்பாற்றியது.

நீனோ வந்தாள். ஒல்லியாக, உயரமாக, அப்பாவின் புருவத்தோடு. பத்தடி தள்ளியே நின்றுவிட்டாள். இவரும் நின்றுவிட்டார். ஆறு வருஷம் நினைத்து வைத்த பேச்சை விட்டுவிட்டுத் திராட்சைக் கொத்தை மட்டும் நீட்டினார். அந்த நேரம் பார்த்து காவ்யா கூட்டத்தில் எங்களைத் தவறவிட்டுப் பயந்துபோய், "மாமா, மாமா" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

நீனோவின் முகத்தில் ரத்தமே இல்லை. காவ்யாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் பொட்டைப் பார்த்தாள். அவர்கள் பாஷையில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். வக்தாங் கெஞ்சுகிற மாதிரி பதில் சொன்னார். அவள் பெட்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே நடக்க ஆரம்பித்தாள்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

வக்தாங் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்க பாஷையில மாமான்னா அப்பா."

காவ்யாவுக்கு அப்போது ஐந்து வயசு. இவர் வந்து ஆறு வருஷம். ஏற்கெனவே மாலையும் கழுத்துமாக மடியில் வைத்துக்கொண்ட போட்டோ வேறு போயிருக்கிறது. அந்தப் பெண் போட்ட கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

"அட மனுஷா, மூணு வருஷமா இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா கூப்பிடறதை நிறுத்தியிருப்பீங்க," என்றார்.

முருகேசன் மாமா ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். அவர் பேசியது அவளுக்குப் புரியவில்லை, ஆனால் வியர்த்துப்போன அந்த முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். எப்படியோ வேனில் ஏறினாள். திராட்சைக் கொத்து சீட்டின் அடியில் நசுங்கியது.

5

மறுநாள் வக்தாங் வீட்டில் வரவேற்பு விருந்து. அவர்கள் விருந்தில் ஒவ்வொரு சுற்று ஒயினுக்கும் ஒருவர் எழுந்து வாழ்த்துரை சொல்லியாக வேண்டும். அவருக்குப் பெயர் தாமாதா. கடவுளுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று, செத்தவர்களுக்கு ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும். தாமாதா இருந்தால் சாப்பாடு தாமதம்தான் என்று முருகேசன் மாமா என் காதில் முணுமுணுத்தார். கடைசியாக வக்தாங் மகளுக்காக டம்ளரைத் தூக்கினார். நீனோ தன் திராட்சை ஜூஸைத் தொடவே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்க்கிங் லாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உறவுமுறையைச் சொல்லிப் புரியவைக்க நான் செய்யாத முயற்சி இல்லை. காகிதத்தில் குடும்பப் படம் வரைந்தேன். கல்யாண ஆல்பத்தைக் காட்டினேன். வக்தாங் மொழிபெயர்த்தார், ஆனால் அவர் சொல்வதைத்தானே அவள் நம்பவில்லை. மூன்று வாரம் இப்படியே போனது. அவளுக்கும் காவ்யாவுக்கும் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டது. வால்நட்டைக் கயிற்றில் கோத்து, ர்காட்சிதெலி சாற்றை மாவோடு காய்ச்சி அதில் முக்கிமுக்கி உலர்த்திய ஒரு பண்டம் கொண்டுவந்திருந்தாள். காவ்யா மெழுகுவர்த்தி என்று நினைத்து ஓட, அவளே கயிற்றை உருவிவிட்டு ஊட்டினாள். நானும் ஒரு துண்டு தின்றேன். மூன்று வருஷமாகப் பெட்டி பெட்டியாகச் சுமந்த பழத்தை அன்றைக்குத்தான் பண்டமாகத் தின்றேன், நம் கொழுக்கட்டைப் பூரணத்துக்குக் கிட்டத்தில் வரும். பிள்ளை மேல் நீனோவுக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் அப்பா மேல்தான். ஊருக்கே திரும்பப் போகிறேன், டிக்கெட் எடு என்கிறாள் என்று வக்தாங் வந்து சொன்னபோது அவர் மீசையெல்லாம் தொங்கிப்போயிருந்தது.

சொல்லிப் புரியாததைக் கூட்டத்தில் விட்டால் புரியும் என்று எனக்குத் தோன்றியது. அந்தச் சனிக்கிழமை குடியிருப்பின் கிளப் ஹவுஸில் எங்கள் தமிழ்க் குடும்பங்களின் தீபாவளி. நான் முன்னாடியே போய்ப் பிள்ளைகளையெல்லாம் மூலையில் நிறுத்தினேன். ஹாலோவீனில் மிஞ்சிய சாக்லேட் பை என் கையில்.

"இன்னைக்கு யாரும் அங்கிள்னு சொல்லக் கூடாது. எல்லாரையும் மாமான்னுதான் கூப்பிடணும். ஒவ்வொரு மாமாவுக்கும் ஒரு சாக்லேட்."

"வாட் இஃப் ஹீ இஸ் மை டாட்?" என்றான் ஒரு புத்திசாலி.

"உங்கப்பாவை விட்டுடு. மத்த எல்லாரும் மாமா."

6

வக்தாங் வர மாட்டேன் என்றார், இழுத்து வந்தேன். நீனோ காவ்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். ஹாலுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தது. மாமா தண்ணி, மாமா பந்தை எடுத்துக் குடுங்க, மாமா ஹாப்பி தீபாவளி. ஒரே பிள்ளை மூன்று பேரை மாமா என்கிறது. ஒரே ஆளைப் பத்துப் பிள்ளைகள் மாமா என்று மொய்க்கிறார்கள். என்றைக்கும் அங்கிளாக இருந்தவர்கள் இது என்ன புதுப் பாசம் என்று முழித்தார்கள்.

நீனோ சுவரோரம் நின்று பார்த்தாள். முதலில் முறைத்தாள். பிறகு அவள் கண் ஒவ்வொரு பிள்ளையாக, ஒவ்வொரு ஆளாகப் போய் வந்தது. நான் அடுப்படிக்கும் பந்திக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். அந்த அவசரத்தில் திட்டமெல்லாம் மறந்து வழக்கம்போல முருகேசனைப் பார்த்துக் கத்தினேன்.

"மாமா, இந்தச் சாம்பார் குண்டாவைக் கொஞ்சம் தூக்குங்க மாமா."

நீனோவுக்கு நான் அவர் பெண்டாட்டி என்பது ஆல்பத்திலேயே தெரியும். வாய் பிளந்து என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை. நியூஜெர்சி வந்து அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. வக்தாங்கிடம் ஏதோ கேட்டாள். அவரும் சிரித்துவிட்டார். பெண்டாட்டியே புருஷனை அப்பா என்கிறாள், இந்த ஜனங்கள் எப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்கள் என்று கேட்டாளாம். சிரித்து முடித்தபின் அவள் ரொம்ப நேரம் காவ்யாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். அதற்கு மேல் அவர்களை விட்டுவிட்டு நான் பந்தியைக் கவனிக்கப் போனேன்.

சாப்பாடு பாதி நடக்கும்போது ஜூஸ் பெட்டிகளைக் காரிலிருந்து எடுத்துவரப் பெரிய பிள்ளைகளை அனுப்பினோம். நீனோவும் போனாள். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் பெட்டி, கதவு தானாக மூடிக்கொள்ளப் பார்க்கிறது, அவள் தோளால் தாங்கிக்கொண்டு நிற்கிறாள். அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"மாமா."

பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த நாலைந்து பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். முருகேசன் மாமா கரண்டியோடு கிளம்பியே விட்டார். வக்தாங் மட்டும் திரும்பவில்லை. சாயங்காலம் முழுக்க அந்த ஹாலில் யார் யாரையோ கூப்பிட்ட வார்த்தைதானே, தனக்கில்லை என்று குனிந்து ஒரு வாண்டுக்கு வடையைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவள் இன்னொருதடவை கூப்பிட்டாள்.

நான் முருகேசனின் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டு, வக்தாங்கின் தோளைத் தட்டினேன்.

"திரும்புங்க, வக்தாங். உங்களைத்தான்."